பாசிப்பாறையில் பல் டாக்டர் விழுந்த படலம்

வாழ்க ஒளி! கிழக்கே எழுந்து மேற்கே விழுந்து, இடைப்பட்ட பொழுதெல்லாம் எவர் கேமராவுக்கும் அடங்காமல் ஊர்சுற்றித் திரியும் ஒளி வாழ்க! குளிரில் தாடை கிடுகிடுக்க முக்காலி நாட்டி ஒருவன் காத்து நிற்கையில் முகிற்போர்வைக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, அவன் மூட்டை கட்டித் திரும்பிய மறுகணமே மலைமுடியில் பொன்னைக் கொட்டிச் சிரிக்கும் அதன் குறும்பும் வாழ்க! அவ்வொளியின் உடன்பிறந்தவளும், அழைத்தால் வாராதவளும், வந்தால் சொல்லிக்கொள்ளாதவளுமாகிய அதிர்ஷ்டம் என்னும் அடங்காப்பிடாரியை வணங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறையும் வணங்கி, இக்காவியத்தைத் தொடங்குகிறோம்.

பாடப்படும் பெருமான் யார்? கடைவாய்ப்பல்லின் காலன், ஈறு காத்த ஏந்தல், சொத்தைக் குலத்தை வேரோடு களைந்த சூரன், வாய் திறவா மௌனியரையும் வாய்விட்டு அலறவைத்த வல்லாளன், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஏறும் மாடிப்படியின் முடிவில், சுழல்நாற்காலியை அரியணையாகவும் சுடர்விளக்கை வெண்கொற்றக்குடையாகவும் கொண்டு வெள்ளை அங்கியில் விளங்கும் பல் டாக்டர். அவர் புகழை முழுவதும் பாட எம் நாவுக்கு வலுவில்லை. தவிர, எமக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது.

வார நாளெல்லாம் குறடு பிடித்த அக்கை ஞாயிறு தோறும் கேமரா பிடித்தது. மலை, ஏரி, மேகம், மரம் என மனித வாடை படாத நிலக்காட்சிகளே அவர் நாடிய வேட்டை. வேட்டையில் வீழ்ந்த படங்களை அவர் சுவரில் மாட்டினாரில்லை. நோயாளி சாய்ந்து கிடக்கும் நாற்காலிக்கு நேர்மேலே, கூரையில் ஒட்டினார். கண்ணாடிக் குச்சி ஒரு கையிலும் குறடு மறுகையிலுமாகக் குனிந்து நின்று, "மேல பாருங்க, அந்த மலை எப்படி இருக்கு?" என்று வினவுவார். பஞ்சும் குழாயும் வாயை அடைத்துக் கிடக்க, அந்த எளிய உயிர் "ஆ" என்னும். இவ்வளவு ஒருமனதான வரவேற்பு உலகில் வேறெந்தக் கலைஞனுக்கும் வாய்த்ததில்லை.

ஆயினும் நம் தலைவர் மயங்கினாரில்லை. அவர் மண்டைக்குள் ஒரு குடித்தனக்காரர் இருந்தார். வாடகை கொடாதவர், உறங்காதவர், ஓயாமல் குறை மட்டும் சொல்பவர். தன்விமர்சனம் என்பது அவர் திருப்பெயர். ஞாயிறு பிற்பகலில் சாப்பாட்டு மேசை மேல் கணினியைத் திறந்து வைத்து டாக்டர் தம் படங்களை ஒவ்வொன்றாக அழைத்து விசாரிக்கையில், அந்த உள்ளிருப்புக்காரர் நீதிபதியாய் அமர்ந்து தீர்ப்பு வாசிப்பார். 'முன்புலம் மொட்டை. வானம் வெளிறிப்போயிற்று. மூலையில் மின்கம்பி எட்டிப் பார்க்கிறது. அழி!' டாக்டர் அழிப்பார். காலையில் காடுமேடு ஏறிப் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரை மாலைக்குள் தம் கையாலேயே தீர்த்துக்கட்டும் இக்கொடுமை வாரந்தவறாது நடந்தது.

மேசையின் மறுமுனையில் அவர் மனைவி சிவப்புப் பேனாவும் விடைத்தாளுமாக அமர்ந்திருப்பாள். பள்ளியில் கணக்கு டீச்சர். மாணவர் உலகம் நடுங்கும் அச்சிவப்புப் பேனாவே அந்த மேசையில் கருணைக்கடலாகத் தோன்றிற்று.

"நான்கூட பாதி வழி வந்தவனுக்குப் பாதி மார்க் போடறேன். அந்த மலைக்கு ஒரு மார்க்குகூட கிடையாதா?"

"மலை மேல குறை இல்ல. எடுத்தவன் மேலதான்."

"எடுத்தவர் என் புருஷன். கொஞ்சம் பார்த்து போடுங்க."

போடவில்லை. அவர் இன்னும் கடுமையானார்.

இனி, இவர் போர்க்குணம் ஊரறிந்த கதையையும் சொல்லிவிடுவோம். அந்நகரில் நிலக்காட்சிப் படம் பிடிப்போர் கூடும் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவர், நிலம் அளந்து ஓய்வு பெற்ற முதியவர். கட்டடம் கட்டுவோர் சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் சட்டைப்பையில் எந்நேரமும் வைத்திருந்ததால் ரசமட்டம் என்பதே அவருக்குப் பெயராயிற்று. எப்பேர்ப்பட்ட படத்தைக் காட்டினாலும் கருவியை எடுத்து அடிவானத்தின்மேல் வைத்து, நடுக்கோட்டில் குமிழி நின்றால்தான் மேற்கொண்டு பேசுவார். குமிழி ஒரு மயிரிழை விலகினாலும், "ஏரித்தண்ணி வழிஞ்சு கீழ கொட்டுதே தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சென்ற ஆண்டுப் போட்டியில் அச்சங்கத்துத் தையற்காரர் ஒருவர் வானவில் படம் ஒன்றைக் கொணர்ந்தார். மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவர், மழை விட்ட வானத்தில் இரட்டை வானவில்லைக் கண்டு, கையிலிருந்த ஃபோனில் பிடித்தது. குமிழிகூட நடுவில் நின்றது. பரிசு அவருக்கே என்று அவை முணுமுணுத்த வேளையில், சிங்கம் குகைவிட்டு எழுந்தாற்போல் நம் டாக்டர் எழுந்தார். அவை அதிர முழங்கினார்.

"படம்னா திட்டம் போட்டு எடுக்கணும்! தானா வர்றதுக்குப் பேரு படம் இல்ல. ஏப்பம்!"

அவை சிரித்தது. தையற்காரர் வானவில்லைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அன்று முதல் அதிர்ஷ்டம் என்னும் அவ்வம்மை நம் டாக்டரைக் கவனிக்கத் தொடங்கினாள் என்றே கொள்ளவேண்டும்.

நகருக்கு வெளியே, சாலை முடியுமிடத்தில் ஒரு நீர்த்தேக்கம். அதன் அக்கரையில் ஒட்டகம் மண்டியிட்டாற்போல் இரட்டைத் திமிலுடன் ஒரு மலை. அவ்விரு திமில்களுக்கும் நடுவே முதற்கதிர் பாய்ந்து நீரில் பொற்பாதை போடும் கணத்தைப் பிடிப்பதே டாக்டரின் திட்டம். எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எவ்வளவு வானம், எவ்வளவு நீர் என்று படம் எடுக்குமுன்பே படத்தைத் தாளில் வரைந்து வைத்திருந்தார். கதிரவனுக்கு மட்டும் அத்தாள் போய்ச் சேரவில்லை. போன ஞாயிறெல்லாம் மேகம். அதற்கு முந்தைய ஞாயிறெல்லாம் பனிமூட்டம். மேகமும் மூட்டமும் இல்லாத ஞாயிறு ஒன்று வந்தபோது டாக்டருக்கு வயிறு சரியில்லை.

அவ்வீரரின் தேர்ப்பாகனாய், படைத்துணையாய், ஃப்ளாஸ்க் தாங்கியாய் உடன் சென்றவன் அவர் மனைவியின் தம்பி. கார் ஓட்டுவான், முக்காலி சுமப்பான், மலையைப் பார்க்காமல் பலகாரப் பையைப் பார்ப்பான். வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞன் ஆதலின் ஞாயிறும் திங்களும் அவனுக்கு ஒன்றே.

நம் படலம் நிகழ்ந்த ஞாயிறும் வானம் வெள்ளையடித்த சுவர்போல் கிடந்தது. டாக்டர் காத்தார், கால் மாற்றிக் காத்தார், மூக்குச் சிந்திக் காத்தார். தவமிருந்த முனிவர் கண்திறந்து சபிப்பதுபோல் இறுதியில் வானத்தைப் பார்த்து, "போ!" என்றார். முக்காலியை மடக்கினார். கேமராவைக் கழுத்தில் மாட்டினார், அணைக்க மறந்து.

"மாமா! ஒரு பன்னுதான் மிச்சம் இருக்கு. நான் எடுத்துக்கவா?"

கரையிலிருந்து வந்த அக்குரல் கேட்டு நம் தலைவர் சடாரெனத் திரும்பினார். திரும்பிய வலக்காலைப் பாசிப்பாறை மேல் ஊன்றினார். ஆ, பாசியே! பச்சைப் பட்டு விரித்தாற்போல் பாறைமேல் படர்ந்து, பார்ப்போர் கண்ணுக்குப் பஞ்சணையாய்த் தோன்றி, மிதிப்போர் காலுக்கு எண்ணெய்ச்சட்டியாய் மாறும் மாயமே! கோட்டை மதில் சரிந்தாற்போல், கொடிமரம் முறிந்தாற்போல், மதங்கொண்ட களிறு மத்தகம் மேல்நோக்கக் கவிழ்ந்தாற்போல், கால் விண்ணையும் கை மண்ணையும் தேட, கழுத்துக் கேமரா கருங்கழுகெனக் காற்றில் எழ, பிடிமானம் தேடிய விரல்கள் கிடைத்ததைப் பிடிக்க, கிடைத்தது கேமராவாக, அழுந்தியது பொத்தானாக, "அம்மா!" என்ற பேரொலி அக்கரை மலையில் மோதி மீண்டுவர, அவர் நீரில் விழுந்தார்.

அதே கணத்தில், அவ்வளவு காலமாக வராத அந்தக் கதிரும் மலையின் இரு திமில்களுக்கு நடுவே பாய்ந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணிலிருந்த சேற்றை வழித்தபோது அது போய்விட்டது.

"பார்த்தீங்களா மாமா, என்ன வெளிச்சம்!" என்றான் மைத்துனன், பன்னை மென்றபடி.

டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்தபடி ஒட்டகமலையை வெறித்தார். திட்டம் தீட்டியவன் கண்ணில் சேறு. திட்டமே இல்லாதவன் வாயில் பன், கண்ணில் காட்சி. வீடு வரும்வரை அவர் மூச்சு மட்டுமே விட்டார்.

பிற்பகலில் வழக்கம்போல் விசாரணை மன்றம் கூடிற்று. நனைந்தும் பிழைத்த கேமராவில் இருந்தது ஒரே ஒரு படம். மலை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது, உலகமே சறுக்கிப் போவதுபோல். இரு திமிலுக்கும் இடையே உருக்கிய பொன் வழிந்தது. முன்னால், கண்ணுக்கு மிக அருகே, நீர்த்துளிகள் அறுந்த முத்துச்சரமாய் அந்தரத்தில் நின்றன. மூலையில் ஒரு கொக்கு, இறக்கையைப் பாதி விரித்து, அஞ்சியதோ ஆடியதோ என்று சொல்லமுடியாத கோலத்தில் பறந்தது.

டாக்டர் ஒருகணம் மூச்சு விட மறந்தார். உடனே உள்ளிருந்து குரல் வந்தது: 'இது ஏப்பம். அழி!' விரல் அழிக்கும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"எடுங்க கையை!"

சிவப்புப் பேனா பறந்துவந்து மேசையில் விழுந்தது. கணக்கு டீச்சர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க எடுத்ததுலயே இதுதான் படம். இதையும் அழிச்சீங்கன்னா நானே உங்களைப் பிடிச்சுத் தள்ளிவிடுவேன், அந்தப் பாறையிலேருந்து."

கேமரா கைமாறியது. படம் தம்பி வழியாகச் சங்கத்துப் போட்டிக்குப் போனது. டாக்டருக்கு இது தெரியாது. தொலைபேசி ஒலித்து, மறுமுனையில் ரசமட்டம் கூவியபோதுதான் தெரிந்தது.

"டாக்டர்! முதல் பரிசு! அந்தச் சாய்வு இருக்கே, அந்தச் சாய்வு! நேரா வைங்க நேரா வைங்கன்னு ஊர்பூரா கத்திக்கிட்டிருந்தேன். என்னை மீறணும்னு உங்க ஒருத்தருக்குத்தான் தைரியம் வந்திருக்கு. மூணு நாளா ரசமட்டத்தைத் தொடவே இல்ல நான்."

"சார், அது வந்து..."

"அப்புறம் அந்தத் தண்ணித்துளி! எப்படி யோசிச்சீங்க?"

"காலால," என்றார் டாக்டர், உண்மையைத் தவிர வேறறியா உத்தமர்.

"காலால! ஆஹா! நடந்து நடந்து யோசிச்சிருக்கீங்க. வர்ற ஞாயிறு சாயங்காலம் சபையில பேசணும். 'இப்படத்தை நான் எடுத்த விதம்'. தலைப்பு நான் வெச்சது. சரிதானே?"

தொலைபேசியை வைத்தபின் நம் வீரர் பட்ட பாட்டைச் சொல்ல ஆயிரம் நாவுடையோனுக்கும் ஆகாது. ஒருபுறம், வாழ்நாளில் முதல்முறையாக வந்த பாராட்டு தேனாய்க் காதில் ஊறியது. மறுபுறம், உள்ளிருப்புக்காரர் மண்டையைப் பிய்த்தார்: 'ஏப்பக்காரா! தையற்காரர் முகத்தில் எப்படி விழிப்பாய்?' திங்களன்று ஒரு நோயாளியின் வலப்பல்லுக்குப் பதில் இடப்பல்லை நெடுநேரம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாயன்று கூரையை அண்ணாந்து பார்த்து அவரே "ஆ" என்றார். சனிக்கிழமை, சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தபடி, தம் பேராணையை வெளியிட்டார்.

"நாளைக் காலையில மறுபடி போறோம். அதே படத்தை நானே எடுக்கிறேன். யோசிச்சு, திட்டம் போட்டு, வேணும்னே எடுக்கிறேன். எடுத்துட்டா அது என் படம். அப்புறம் சாயங்காலம் தலை நிமிர்ந்து பேசுவேன்."

"அதே படம் இருக்கும்போது அதே படத்தை எதுக்குங்க எடுக்கணும்?" என்றாள் மனைவி. இதற்கு மறுமொழி எந்தக் காவியத்திலும் இல்லை.

இனி வருவது இரண்டாம் பாசிப்பாறைப் போர். விடியலில் நின்றபடி எடுத்தார். மலை நின்றது, உயிர் இல்லை. கேமராவைச் சாய்த்து எடுத்தார். மலை சாய்ந்தது, கழுத்து சுளுக்கியவன் பார்த்த மலைபோல் இருந்தது. மண்டியிட்டார், மல்லாந்து படுத்தார், மைத்துனனை வாளியோடு நீரில் இறக்கி, "தெளி!" என்று ஆணையிட்டார். அவன் வாரி இறைத்த நீர் முத்துச்சரமாய் நிற்காமல் மொத்தமாய் மாமனின் முகத்தில் வந்து சேர்ந்தது.

"மாமா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க விழுந்தீங்க."

டாக்டர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு பாசிப்பாறையைப் பார்த்தார். பிறகு, களம் புகும் வேழம்போல் நெஞ்சு நிமிர்த்தி, வலக்காலை எடுத்து வைத்து, விழுந்தார்.

விழுந்தும் விழவில்லை. வேண்டுமென்றே விழுகிறவனைப் பாசி மதிப்பதில்லை போலும். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து மறுபடி விழுந்தார். படத்தில் அவர் முழங்கால் மட்டும் தெரிந்தது. மறுபடி விழுந்தார். இம்முறை வானம் மட்டும் தெரிந்தது, அதுவும் மங்கலாக.

"மாமா, அன்னிக்கு அம்மான்னு கத்தினீங்க. அதுல பயந்துதான் கொக்கு பறந்துச்சு. இன்னிக்கு சத்தமே இல்ல."

"அம்மா!" என்றார் டாக்டர்.

"மனசுலேருந்து வரல மாமா."

"அம்மாஆஆ!"

கரையோரம் நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதியர், நரைத்த மனிதர் ஒருவர் அன்னையை அழைத்தவாறு திரும்பத் திரும்ப நீரில் விழுவதையும், பக்கத்தில் ஓர் இளைஞன் வாளியோடு வேடிக்கை பார்ப்பதையும் கண்டனர். கணவர் காலணியைக் கழற்றி எறிந்தார், மனைவி முந்தினாள். இருவரும் பாய்ந்து ஆளுக்கொரு கையைப் பற்றினர்.

"விடுங்க! நான் வேணும்னுதான் விழறேன்!"

"பிரச்சனை எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம் சார்," என்றார் அக்கணவர், பிடியை இறுக்கி.

"பிரச்சனையே அந்த மேகம்தான்!"

"மேகத்துகிட்டயே பேசலாம் சார். முதல்ல மேல வாங்க."

இரு கையும் பிறர் பிடியில் இருக்க, கேமரா மார்பில் சும்மா தொங்க, அக்கணத்தில் அக்கரையில் மேகம் விலகிற்று. திமில்களுக்கு நடுவே கதிர் பாய்ந்தது. அன்றைவிட அகலமாக, அன்றைவிடப் பொன்னாக, ஏரி முழுவதையும் தகதகக்கச் செய்து, அவர் மூக்கின்மேல்கூட ஒரு துளி ஒளியைத் தொட்டுவைத்து, தம்பதியர் அவரைக் கரையேற்றித் துண்டு போர்த்தியதும், அணைந்தது.

"பாருங்க சார், வாழ்க்கையில எவ்வளவு அழகு இருக்கு," என்றாள் அப்பெண்மணி கனிவாக. டாக்டர் அழுதார். அவர்கள் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாலை. சங்க மண்டபம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேடைச் சுவரின் நடுவே அப்படம் கதவளவு பெரிதாகத் தொங்கியது. பக்கத்தில் நின்ற ரசமட்டம், தந்தையாகப்போகிறவர்போல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். தையற்காரர் மூன்றாம் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. முன்வரிசையில் கணக்கு டீச்சரும் அவள் தம்பியும். நம் தலைவர் நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். அவர் காதுக்குள் இன்னும் ஏரி இருந்தது.

என்ன சொல்லியிருக்கலாம்! சாய்வு ஓர் உத்தி என்றிருக்கலாம். துளி ஒரு தத்துவம் என்றிருக்கலாம். நம்பக் காத்திருந்தது அவை. புகழ் ஒருகை தூரத்தில் நின்று 'வா' என்றது. டாக்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார், ஆடும் பல்லைப் பிடிப்பதுபோல்.

"இந்தப் படத்தை நான் எடுக்கல. வழுக்கி விழுந்தேன். விழும்போது அதுவா எடுத்துக்கிச்சு."

அவை கைதட்டிற்று. "என்ன தன்னடக்கம்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் உருகிற்று.

"அடக்கம் இல்லைங்க, சறுக்கல்! அவனைக் கேளுங்க!"

மைத்துனன் எழுந்து சாட்சி சொன்னான். "ஆமாங்க. பன்னுக்காகத் திரும்பினாரு."

கைதட்டல் கூரையிலிருந்து ஒழுகும் நீர்போல் சொட்டுச்சொட்டாய் நின்றது. ரசமட்டத்தின் முகம் சுருங்கியது. "அப்ப அந்தச் சாய்வு?"

"வழுக்கினது."

"தண்ணித்துளி?"

"என் கால்."

"கொக்கு?"

"என் சத்தத்துக்குப் பயந்து ஓடிச்சு."

முதியவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தச் சாய்வைப் பற்றி ஊரெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வியந்த வாய் அது. மூன்றாம் வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. தையற்காரர் எழுந்தார்.

"டாக்டர், போன வருஷம் ஏப்பம்னு சொன்னீங்களே."

"சொன்னேன்." டாக்டரின் தலை தாழ்ந்தது. "அதனாலதான் இப்ப பரிசைத் திருப்பிக் குடுக்கிறேன்."

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

கேட்டது முன்வரிசை. கணக்கு டீச்சர் எழுந்து நின்றாள். வகுப்பறையே வந்து எழுந்து நின்றாற்போலிருந்தது. பின்வரிசையில் இருவர் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்கு முன்னாடி அலாரம் அடிக்கும். இவர் எந்திரிச்சுப் போயிடுவார். எனக்கு அப்புறம் தூக்கம் வராது. எத்தனை ஞாயிறுன்னு எனக்கே கணக்கு விட்டுப்போச்சு, நான் கணக்கு டீச்சர். அங்க போய் நின்னதாலதான விழுந்தார்? வீட்ல படுத்திருந்தா கட்டில்லேருந்து விழுந்திருப்பார். கட்டிலுக்குக் கீழ ஏதுங்க மலை? அவருக்குப் பரிசு வேணாம்னா என்கிட்ட குடுங்க. என் தூக்கம் போட்ட படம் அது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவையில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மறுத்தால் வெளியே நிற்கச் சொல்லிவிடுவாளோ என்ற அச்சமும் இருந்தது.

ரசமட்டம் மட்டும் மெல்ல நகர்ந்து படத்தின் அருகே போனார். சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்தார். நெடுநாள் பிரிந்த நண்பனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அதை ஒரு கையால் படத்தின் அடிவானத்தில் பிடித்து, மறுகையால் சட்டத்தைப் பற்றி, மெள்ள மெள்ளத் திருப்பலானார். குமிழி நகர்ந்தது, மேலும் திருப்பினார், குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றது. இப்போது மலை நேராக இருந்தது; சட்டம் சுவரில் கோணலாகத் தொங்கியது. அவை முழுவதும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

ஏரி ஏரியாக இருந்தது. மலை மலையாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. நீர்த்துளிகள் குழாய் ஒழுகியதுபோலவும், கொக்கு வேறெங்கோ போகவேண்டிய வேலையிருப்பதுபோலவும் தோன்றின.

"முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு சார்," என்றார் தையற்காரர்.

ரசமட்டம் நெடுமூச்சுவிட்டு, சட்டத்தைப் பழையபடி திருப்பினார். உலகம் மீண்டும் சறுக்கத் தொடங்கிற்று. பொன் மீண்டும் வழிந்தது. "விழுந்ததுதான் சரி," என்று முணுமுணுத்தார். அச்சொற்களை அவர் உச்சரிப்பார் என்று அவருடைய மனைவிகூட நம்பியிருக்கமாட்டாள்.

தையற்காரர் மேடையை நோக்கித் திரும்பினார். "என் வானவில்லு ஏப்பம்தான். உங்க மலையும் ஏப்பம்தான். யார் எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்கங்கறதை விடுங்க டாக்டர். எதுலயும் குறை கண்டுபிடிக்கிறவர் நீங்க. அடுத்தவன் படம்னு நினைச்சுப் பார்த்து சொல்லுங்க. நல்லா இருக்கா, இல்லையா?"

அப்போது தொடங்கியது, பாசிப்பாறையில் நடந்ததையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாக்கிய பெரும்போர். டாக்டர் படத்தின் எதிரே நின்றார். உள்ளிருப்புக்காரர் வாள் உருவினார். 'இடமூலை வெளிறிவிட்டது.' உண்மைதான். 'கொக்கின் இறக்கை நுனி வெட்டுப்பட்டது.' அதுவும் உண்மை. 'கீழே தெரிவது உன் செருப்பின் வார்.' டாக்டர் குனிந்து பார்த்தார். ஆம், செருப்பின் வார்தான். அம்புகள் ஒவ்வொன்றாய்ப் பாய்ந்தன, ஒவ்வொன்றும் தைத்தது, ஆயினும் மலை விழவில்லை. தூணி காலியாகும்வரை எய்துவிட்டு, இனி எய்ய ஒன்றுமில்லாமல் அந்த உள்ளிருப்புக்காரரும் வில்லைத் தாழ்த்தி, அவர் தோளோடு தோள் நின்று, அந்தப் பொன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் வாய் திறந்தது. மூடிற்று. பிறர் வாயை எத்தனையோ முறை திறந்தவருக்குத் தம் வாயைத் திறப்பது இவ்வளவு கடினம் என்று தெரிந்திருக்கவில்லை.

"இடது மூலை வெளிறிப்போச்சு," என்றார். "கொக்கு இறக்கை வெட்டுது. செருப்பு வார் தெரியுது." ஓரடி பின்வைத்து மீண்டும் பார்த்தார். "ஆனா... நல்லாத்தான் இருக்கு."

முன்வரிசையில் கணக்கு டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

டாக்டர் மேடையிலிருந்து நொண்டியபடி இறங்கி, மூன்றாம் வரிசைக்குப் போய், அவைக்குக் கேளாத குரலில், "அந்த வானவில்லும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"தெரியும்," என்றார் தையற்காரர். "கடைவாய்ப் பல்லு ஒண்ணு வலிக்குது. நாளைக்கு வரட்டுமா?"

முழங்குக முரசம்! ஊதுக சங்கம்! பாசியால் வீழ்ந்து பாசியால் உயர்ந்த பெருமான், தன்னையே எதிர்த்துத் தன்னிடமே தோற்றுத் தன்னாலேயே வென்ற தனிப்பெருந்தலைவன், திருப்பிக் கொடுத்தும் திரும்பிவந்த பரிசாம் சுழற்கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கி, தூக்கத்தை ஈந்து புகழை வாங்கிய தேவியை வலத்திலும் காலையில் வாளியேந்திய மைத்துனனை இடத்திலும் கொண்டு, படிகள் அதிர, கதவுகள் வழிவிட, மேற்கு வானம் செம்பட்டு விரிக்க, அந்திக்காற்று கவரி வீச, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய்த் தீபமேந்தி வரவேற்க, வெற்றித்தேரின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, வாகைசூடி நகர்வலம் புறப்பட்டார். போகிற வழியில் பால் வாங்கினார்கள்.